கரை சேர்ந்தவை

அல்டாப்ராவில் விமானம் இறங்க இடம் கிடையாது. சாலை இல்லை, வண்டி இல்லை. செஷல்ஸ் நாட்டின் தலைத்தீவான மாஹேயிலிருந்து தென்மேற்கே 1,100 கிலோமீட்டருக்கு மேல் கடலில் வந்தாக வேண்டும். மடகாஸ்கர் இங்கிருந்து சுமார் 420 கிலோமீட்டர், ஆப்பிரிக்கக் கரை சுமார் 640. மேற்கு ஓரத்தில் ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது. அதில் முறைவைத்துத் தங்கும் சில பணியாளர்களைத் தவிர, இந்தத் தீவில் குடியிருப்பவர் யாரும் இல்லை.

வரைபடத்தில் பார்த்தால் ஒரு நீண்ட வளையம் தெரியும். நீளம் 34 கிலோமீட்டர், அகலம் 14 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வளையத்தின் விளிம்பு நான்கு பெரிய துண்டுகளாக அறுபட்டிருக்கிறது. மேற்கே பிக்கார், வடமேற்கே பாலிம்னி, வடக்கே மலபார், தெற்கையும் கிழக்கையும் தழுவிக் கிடக்கும் கிராந்த் தேர். நிலத்தை மட்டும் கூட்டினால் 155 சதுர கிலோமீட்டர். அதைவிடப் பெரிய, ஆழமற்ற காயல் ஒன்று நடுவில் இருக்கிறது. நாம் நடக்கப்போவது கிராந்த் தேரின் குறுக்கே. காயலின் சேற்றில் இறங்கி, தெற்குக் கரையின் திறந்த கடல்வரை போகப்போகிறோம். தூரம் சில கிலோமீட்டர்தான் என்றாலும் ஒருநாள் நடை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நடை முழுக்க ஒரே கேள்வியைக் கேட்டபடி போவோம். கண்ணில் படும் ஒவ்வொன்றையும் பார்த்து, இது எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று கேட்போம். ஊரில் ஒரு வேப்பமரத்தைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்பதில்லை. அல்டாப்ரா எந்தக் காலத்திலும் எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிருந்ததில்லை. இங்குள்ள புல், நண்டு, பறவை, ஆமை எல்லாமே எப்போதோ ஒருநாள் கடலைத் தாண்டி வந்தவை. தீவின் இயற்கை வரலாறு என்பது வருகைகளின் வரலாறுதான்.

காயலுக்குள் படகு நுழைய, கடல் ஏறும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் இங்கே சுமார் மூன்று மீட்டர்வரை மாறுகிறது. ஒரு சில குறுகிய வாய்கள் வழியாகவே அத்தனை நீரும் நாளுக்கு இருமுறை உள்ளே பாய்ந்து வெளியேற வேண்டும். வற்றத்தில் காயலின் பெரும்பகுதி மணலும் சேறுமாகத் தரை தட்டிவிடும். இந்த ஓட்டம் சுண்ணாம்புப் பாறையை அடியில் அரித்து அரித்து, காயல் முழுக்கக் குடைகள் விரித்து நட்டதுபோலச் சிறு திட்டுகளை விட்டுவைத்திருக்கிறது.

காயலின் உள்விளிம்பில் அலையாத்திக் காடு. பிச்சாவரத்தில் படகு ஏறியவர்களுக்கு இந்த மரங்களை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சுரபுன்னையின் ஊன்றுவேர்களும், வெண்கண்டலின் சேற்றைக் கிழித்து நிமிரும் மூச்சுவேர்களும் இங்கேயும் அப்படியே இருக்கின்றன. இவை வந்த வழி எளியது. சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து, நீளமான நாற்றாகத் தொங்கி, நீரில் விழுந்து மிதக்கும். வாரக்கணக்கில் உப்புநீரில் கிடந்தாலும் சேறு தட்டிய இடத்தில் வேர்விடும். கடலே இதற்கு விதைப்பவன்.

வடபுறக் கண்டல் மரங்களின் உச்சியில் ஃபிரிகேட் பறவைகள் கூடு கட்டுகின்றன. சுமார் 10,000 இணைகள். உலகிலேயே இரண்டாவது பெரிய ஃபிரிகேட் குடியிருப்பாக இதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். இரண்டு மீட்டர் அளவுக்கு இறக்கை விரிக்கும் இப்பறவையால் நீரில் இறங்க முடியாது. இறகில் போதிய எண்ணெய்ப் பசை இல்லாததால் நனைந்தால் எழும்புவது கடினம். கடலில் வாழ்ந்தும் கடலைத் தொடாமல், பறக்கும் மீனைப் பறந்தபடியே கொத்தியும் பூபிப் பறவைகளின் இரையைப் பறித்தும் வாழ்கிறது. அதற்குத் தேவை தொந்தரவில்லாத மரக்கிளை. மனிதர் குடியேறிய தீவுகளில் அது அரிதாகவே கிடைக்கிறது.

சேற்றைத் தாண்டிப் பாறையில் ஏறியதும் நடையின் வேகம் செத்துவிடும். சாம்பினியோன் என்று இங்கே பணிபுரிவோர் சொல்லும் பாறை இது. மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கரைத்துக் கத்திமுனைகளும் குழிகளும் பொந்துகளுமாகச் செதுக்கிவிட்ட தரை. மிதித்தால் சில இடங்களில் கணீரென்று ஒலிக்கும், சில இடங்களில் உடைந்து காலை உள்ளே இழுக்கும். கனமான காலணியின் அடித்தோல்கூட விரைவில் கிழியும். இடைவெளி விடாமல் பெம்ஃபிஸ் புதர் வேறு. உப்புக்காற்றுக்கும் வறட்சிக்கும் அசையாத குட்டை மரம், கட்டை இரும்புபோலக் கெட்டி. விழுந்தால் கையை ஊன்றக்கூட இடம் தராத நிலம். இந்தத் தீவை மனிதர் அதிகம் பாழாக்காததற்கு முதல் காரணம் இந்தப் பாறைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஓர் இடத்தில் நின்று குனிந்து பாருங்கள். பாறைக்குள் பவளம் தெரியும். மூளைப்பவளத்தின் வரிகள், கிளைப்பவளத்தின் துண்டுகள், வாழ்ந்த நிலையிலேயே பதிந்துபோன ராட்சத மட்டியின் ஓடுகள். எல்லாமே கடலுக்கு அடியில் உயிரோடு இருந்தவை. யுரேனியமும் தோரியமும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்து இந்தப் பவளப் பாறையின் வயதைச் சுமார் 1,25,000 ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். பூமி இன்றைக்கு இருப்பதைவிடச் சற்று வெப்பமாக இருந்த காலம் அது. துருவப் பனியில் ஒரு பகுதி உருகி, உலகக் கடல்மட்டம் இன்றைவிட ஆறு முதல் ஒன்பது மீட்டர் உயர்ந்திருந்தது. அல்டாப்ராவின் பாறைத்தளம் எட்டு மீட்டரைத் தாண்டுவதில்லை. மணல்மேடுகள் மட்டுமே அதற்கு மேல் எழுகின்றன.

அப்படியானால் அன்று இங்கே நிலமே இல்லை. இப்போது நாம் கால் வைத்திருக்கும் இடத்தில் மீன்கள் நீந்தின. அதற்கு முன்பு இங்கே ஒரு தீவு இருந்தது, அதில் ஆமைகளும் பறவைகளும் முதலைகளும் வாழ்ந்தன என்பதற்குப் பாறையிலேயே எலும்புச் சான்று இருக்கிறது. தலையில் கொம்புபோல எலும்பு புடைத்த ஒரு சிறிய முதலைக்கு அல்டாப்ராசாம்ப்சஸ் என்றே பெயர் சூட்டியிருக்கிறார்கள். கடல் ஏறியபோது தரையைவிட்டுப் போக முடியாத உயிர்கள் அனைத்தும் அழிந்தன. பிறகு பனியுகம் வந்து கடல் இறங்க, பவளத்திட்டு மீண்டும் தலைதூக்கியது. வெறும் பாறையாக, ஓர் உயிரும் இல்லாமல். நம் கேள்வி இப்போது இன்னும் கூர்மையாகிறது. இன்று காண்பவை எல்லாம் அந்த மூழ்கலுக்குப் பிறகு புதிதாக வந்து சேர்ந்தவை.

தெற்கே போகப்போகப் பாறை தட்டையாகிறது. புதர் விலகி, ஒரு திறந்தவெளி விரிகிறது. பிளாத்தீன் என்று இதற்குப் பெயர். வழவழப்பான சுண்ணாம்புப் பாளங்கள், இடையிடையே மண் திட்டுகள், ஆங்காங்கே நிழல்மரங்கள், மழை பெய்தால் நிறையும் குட்டைகள். கால்நடை இல்லாத தீவில் யாரோ மேய்த்துவிட்டுப் போனதுபோல ஒட்ட வெட்டிய புல்வெளி. மேய்ந்தவை எதிரிலேயே நிற்கின்றன. அல்டாப்ராவின் ராட்சத நில ஆமைகள்.

சுமார் ஒரு லட்சம் ஆமைகள் இந்தத் தீவில் வாழ்கின்றன. வளர்ந்த ஆண் ஆமை இருநூறு கிலோவைத் தாண்டக்கூடும். இவ்வளவு பெரிய தாவர உண்ணி மாடாகவோ மானாகவோ இல்லாமல் ஊர்வனவாக இருக்கும் இடங்கள் இன்று உலகில் மிகச் சில. கண்டத்தில் யானையும் காட்டெருமையும் செய்யும் வேலையை இங்கே ஆமை செய்கிறது. புதரை மிதித்து வழி திறக்கிறது, பழத்தைத் தின்று விதையைச் சாணத்தோடு வேறிடத்தில் போடுகிறது, புல்லை ஒட்ட மேய்கிறது. அந்தப் புல்லைக் கூர்ந்து பாருங்கள். இருபதுக்கு அருகான வகைச் சிறு புற்களும் கோரைகளும் பூண்டுகளும் பின்னிய கம்பளம் அது. சிலவற்றின் பூவும் விதையும் ஆமையின் வாய்க்கு எட்டாதபடி தரையோடு தரையாக ஒட்டியிருக்கும். ஆமை மேயாத இடத்தில் வைத்து வளர்த்தாலும் அவற்றில் பல குட்டையாகவே நிற்கின்றன. குட்டைத்தன்மை அவற்றின் மரபணுவில் ஏறிவிட்டது. ஆமையின் தாடை பல்லாயிரம் ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த புல்வெளி இது.

வெயில் ஏறினால் ஆமைகள் நிழலுக்கு நடக்கும். ஒரே மரத்தடியில் ஓட்டோடு ஓடு உரச, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கூடக் கிடக்கும். நேரத்துக்கு நிழலை எட்டாத ஆமை வெப்பத்தில் வெந்து செத்துப்போகும். வெளியெங்கும் கிடக்கும் வெளுத்த ஓடுகள் பலவற்றுக்குக் காரணம் இதுதான். குடிநீருக்கும் இதே நெருக்கடி. மழை நின்ற மாதங்களில் பாறைக்குழியின் அடியில் விரற்கடை நீர்தான் மிஞ்சும். வாயால் அதை அள்ள முடியாது. அல்டாப்ரா ஆமை மூக்கை நீரில் வைத்து, நாசித்துளை வழியாகவே உறிஞ்சிக் குடிக்கிறது.

நீந்தத் தெரியாத, கல்லைப் போல் கனக்கும் இந்தப் பிராணி கடலைத் தாண்டியது எப்படி? நீண்ட காலம் இதற்கு ஊகம்தான் விடையாக இருந்தது. 2004 டிசம்பரில் தான்சானியக் கடற்கரையில், கிம்பிஜி என்னும் இடத்தில், கடலிலிருந்து ஒரு ராட்சத ஆமை தானாக நடந்து வந்தது. எலும்பும் தோலுமாக மெலிந்த ஆமை. கால்களிலும் ஓட்டின் அடியிலும் கொட்டலசுகள் ஒட்டி வளர்ந்திருந்தன. அவை அந்த அளவுக்கு வளர ஆறேழு வாரம் கடலில் இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பெரும்பாலும் அது அல்டாப்ராவிலிருந்து சுமார் 740 கிலோமீட்டர் மிதந்து சென்றிருக்க வேண்டும். ஆமை நீந்துவதில்லை, மிதக்கிறது. கழுத்து நீண்டது, நீருக்கு மேலே தலையைத் தூக்கி மூச்சுவிடலாம். உடம்பில் சேர்த்த கொழுப்பும் நீரும் பல வாரம் தாங்கும். பெண் ஆமையின் உடலில் கருவுற்ற முட்டைகள் இருந்துவிட்டால் ஓர் ஆமை போதும், ஒரு குலமே தொடங்கிவிடும். இவற்றின் மூதாதையர் மடகாஸ்கரிலிருந்து இப்படித்தான் வந்திருக்க வேண்டும். அதுவும் ஒருமுறை அல்ல. வெவ்வேறு காலத்துப் பாறை அடுக்குகளில் ஆமை எலும்புகள் கிடைப்பதை வைத்து, அவை குறைந்தது மூன்றுமுறை இத்தீவில் குடியேறியதாக நிலவியலாளர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். மூழ்கி அழிந்தபின் மீண்டும் வந்திருக்கின்றன.

இந்த ஆமையைப் பார்க்க அல்டாப்ராவரை போக முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணையில் இவற்றை வளர்க்கிறார்கள்.

நம் நடையில் காண முடியாத ஒரு பறவையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெண்தொண்டைக் கானாங்கோழி. நம்மூர்க் குளக்கரைகளில் விரைந்து ஓடும் கானாங்கோழிகளின் உறவு இது. மடகாஸ்கரில் உள்ள இதன் இனம் நன்றாகப் பறக்கும். அல்டாப்ராவில் உள்ளது பறக்காது. மேற்கு இந்தியப் பெருங்கடல் தீவுகளில் பறக்க மறந்த பறவைகளில் இன்றும் உயிரோடிருப்பது இது ஒன்றுதான். மொரீஷியஸின் டோடோ உட்பட மற்றவை எல்லாம் போய்விட்டன. மனிதரைக் கண்டால் ஓடாது, ஆர்வத்தோடு நெருங்கி வந்து காலணியின் கயிற்றைக் கொத்திப் பார்க்கும்.

பறத்தல் மிகச் செலவான தொழில். மார்புத் தசையை வளர்க்கவும் இயக்கவும் நிறைய உணவு வேண்டும். துரத்தும் விலங்கு இல்லாத தீவில் அந்தச் செலவால் பயன் இல்லை. சிறிய இறக்கையோடு பிறந்த குஞ்சு தசைக்குப் போகும் உணவை மிச்சப்படுத்தி அதிகமாகப் பெருகும். பரிணாமக் கணக்கில் சொற்பக் காலத்திலேயே இறக்கை சுருங்கிவிடுகிறது. ஜூலியன் ஹ்யூம், டேவிட் மார்ட்டில் என்னும் இரு ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட முடிவு இங்கேதான் முக்கியமாகிறது. சுமார் 1,36,000 ஆண்டுகளுக்கு முன்பு தீவு மூழ்குவதற்கு முந்தைய அடுக்கில் கிடைத்த கானாங்கோழியின் இறக்கை எலும்பு, பறக்க இயலாத பறவையுடையது. அந்தக் குலம் மூழ்கலில் அழிந்தது. தீவு மீண்டும் எழுந்தபின், சுமார் 1,00,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில் கிடைத்த கால் எலும்பும் பறத்தலை இழந்துகொண்டிருந்த பறவையைக் காட்டுகிறது. மடகாஸ்கரிலிருந்து அதே இனம் மறுபடி பறந்து வந்து, அதே தீவில் மறுபடி இறக்கையை இழந்திருக்கிறது. ஒரே மூதாதை, ஒரே தீவு, இருமுறை ஒரே முடிவு. பரிணாமம் வெறும் தற்செயல்களின் தொகுப்பல்ல, ஒரே சூழல் ஒரே வகை விடையை மீண்டும் கேட்டு வாங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

கிராந்த் தேரில் இந்தப் பறவையை நாம் காண முடியாததற்குக் காரணம் பூனை. மனிதர் கொண்டுவந்த பூனைகள் கிராந்த் தேரிலும் பிக்காரிலும் கானாங்கோழியை அடியோடு தீர்த்துவிட்டன. பூனை எட்டாத மலபாரிலும் பாலிம்னியிலும் சில திட்டுகளிலும் மட்டும் அது பிழைத்தது. பிக்காரில் பூனைகள் ஒழிந்தபின் 1999இல் பதினெட்டுப் பறவைகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அவை நன்றாகப் பெருகின. கிராந்த் தேரில் பூனைகள் இன்னும் இருக்கின்றன. ஆடுகளும் மனிதரோடு வந்தவைதான். ஆமையின் புல்லையும் நிழல்மரங்களின் கன்றுகளையும் தின்று தீர்த்த அவற்றை முழுமையாக அகற்றி முடிக்க 2012 ஆகிவிட்டது. அல்டாப்ரா புதர்க்கதிர்க்குருவி என்ற ஒரு சின்னப் பறவையை அறிவியல் உலகம் 1967இல்தான் கண்டுகொண்டது. 1983க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. எலிகள் அதன் கூட்டைச் சூறையாடியிருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தத் தீவு தப்பியது இருமுறை மனிதர் பேசியதால். 1874இல் மொரீஷியஸ் ஆளுநருக்கு ஒரு கடிதம் போனது. கப்பலோட்டிகள் ராட்சத ஆமைகளை உயிருள்ள இறைச்சியாக ஏற்றிச் சென்றதில் மொரீஷியஸ், ரியூனியன், ராட்ரிக்ஸ் தீவுகளின் ஆமைகள் அழிந்துவிட்டன, அல்டாப்ராவில் எஞ்சியதையாவது காக்க வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்கள். கையெழுத்திட்டவர்களில் சார்லஸ் டார்வினும் ஜோசப் ஹூக்கரும் இருந்தார்கள். அடுத்த ஆபத்து 1960களில் வந்தது. பிரிட்டன் இங்கே ராணுவ விமானத்தளம் கட்டத் திட்டமிட்டது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த புவியியலாளர் டேவிட் ஸ்டாடர்ட்டும் ராயல் சொசைட்டியும் எதிர்த்து நின்றார்கள், நாடாளுமன்றத்தில் டாம் டேலியல் விடாமல் கேள்வி எழுப்பினார். 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பைக் குறைக்கும் நிலை பிரிட்டனுக்கு வந்தது. செலவைக் குறைக்கக் கைவிட்டவற்றில் இந்தத் திட்டமும் ஒன்று. அடுத்த சில ஆண்டுகளில், அதே பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதியில் சேர்க்கப்பட்டிருந்த தியேகோ கார்சியாவில் ராணுவத்தளம் எழுந்தது. அதற்காகச் சாகோஸ் தீவு மக்கள் 1968க்கும் 1973க்கும் இடையே சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஆமைகளுக்காக எழுந்த குரலில் ஒரு பங்குகூட அந்த மனிதர்களுக்காக அப்போது எழவில்லை. அல்டாப்ராவின் கதையைச் சொல்பவர்கள் இதை விட்டுவிட்டுச் சொல்லக்கூடாது. 1976இல் தீவு செஷல்ஸுக்குத் திரும்பியது. 1982இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமானது.

நடைக்குத் திரும்புவோம். புன்னை மரங்கள் அடர்ந்த தக்கமக்கா என்னும் சோலை இந்தத் தீவிலேயே உண்டு. நம் நெய்தல் நிலத்துப் புன்னையேதான். அதன் காயும் கடலில் மிதந்து பயணம் செய்யும். நம் பாதை அதைத் தொடாமல் மணல்மேடுகளைக் கடந்து தெற்குக் கரையை அடைகிறது. தென்கிழக்குக் காற்று ஆண்டில் பெரும்பகுதி நேராக முகத்தில் அறையும் கரை. சிறு மணல்திட்டுகளில் பேராமைகள், அதாவது பச்சைக் கடலாமைகள், ஏறி முட்டையிட்ட தடங்கள் தெரியும். இறைச்சிக்காக வேட்டையாடி அருகச்செய்த இவை, 1968இல் பாதுகாப்புக் கிடைத்தபின் பல மடங்கு பெருகியிருக்கின்றன. தென்னை நண்டும் இரவில் இங்கே உலவும். நான்கு கிலோ எடைவரை வளரும் அது நீரில் மூழ்கினால் செத்துவிடும். ஆனால் அதன் லார்வாக்கள் கடலில் வாரக்கணக்கில் மிதந்தபிறகே கரையேறுகின்றன.

அதே காற்றும் அதே நீரோட்டமும் இப்போது கொண்டுவந்து சேர்ப்பது பிளாஸ்டிக். 2019இல் பன்னிரண்டு தன்னார்வலர்கள் ஐந்து வாரம் இந்தக் கரையில் வேலை செய்து 25 டன் குப்பையை அகற்றினார்கள். சாம்பினியோன் பாறைக்கு மேலே வலை மூட்டைகளைத் தோளில் சுமந்து நடந்தார்கள். இன்னும் மிஞ்சிக் கிடப்பது சுமார் 513 டன் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். எடைக் கணக்கில் 83 சதவீதம் மீன்பிடி வலையும் கயிறும் பிற சாதனங்களும். எண்ணிக்கையில் ரப்பர் செருப்புகளும் ஏராளம். அவற்றில் ஒன்றுகூட அல்டாப்ராவில் வாங்கியதல்ல, அங்கே கழற்றிப் போட்டதல்ல. பேராமை முட்டையிட ஏறும் வழியில் அவை குவிந்து கிடக்கின்றன. முழுவதையும் அகற்ற 18,000 மனித மணிநேர உழைப்பும் ஏறக்குறைய 47 லட்சம் அமெரிக்க டாலரும் தேவை என்பது ஆய்வாளர்களின் கணக்கு. பெரிய வருமானம் ஈட்டாத ஓர் ஆளில்லாத் தீவுக்கு இதைச் செஷல்ஸ் என்னும் சின்ன நாடு தனியே கொடுக்க வேண்டியிருக்கிறது.

நிலத்திலிருந்து கடலில் சேர்ந்து செஷல்ஸின் தொலைதூரத் தீவுகளில் ஒதுங்கும் குப்பை எங்கிருந்து வருகிறது என்று நீரோட்ட மாதிரிகளைக் கொண்டு ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் தடம் பிடித்தார்கள். இந்தோனேசியா, இந்தியா, இலங்கை ஆகிய மூன்றும் பெரும் மூலங்கள். ஆகவே இது நம் வீட்டுக் கணக்கிலும் இருக்கிறது. கிழிந்த வலையைக் கடலில் விடாமல் கரைக்குக் கொண்டுவரும் மீனவருக்கு அதற்கொரு விலை கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். துறைமுகந்தோறும் பழைய வலையையும் கயிற்றையும் வாங்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். கூவமும் வைகையும் தாமிரபரணியும் பாயும் ஊர்களின் உள்ளாட்சிகள் ஆற்றங்கரையில் குப்பை கொட்டுவதை அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். உங்கள் ஊர் ஆற்றங்கரையில் குப்பைமேடு இருந்தால், ஊராட்சியிலோ நகராட்சியிலோ போய் அதை அகற்றச் சொல்லிக் கேளுங்கள்.